மூலிகையும் மருந்துக்கு மசியாத கிருமியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் கல்சர் பார்ப்பது என் வேலை. சலம், சீழ், சளி, இரத்தம் என்று வருவதில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து எழுதிக் கொடுப்போம். ரிப்போட் வாங்க ஜன்னலடிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது மருந்தைப் பற்றி. அடுத்தது மூலிகையைப் பற்றி. என் அப்பப்பா படுவான்கரையில் பெயரெடுத்த பரிகாரி. அதனால் இந்தக் கேள்விகள் எனக்கு அந்நியமில்லை. ஆனால் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது நின்று பேச முடிவதில்லை. அப்படிப் பாதிப் பதிலோடு நான் அனுப்பி வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"மிஸ், நிறைய அன்டிபயோட்டிக் குடிச்சதால என்ட உடம்புக்கு அது பழகிப் போச்சாம். உண்மையா?"

பழகியது உங்கள் உடம்புக்கு இல்லை, கிருமிக்கு. ஒரு சின்னக் கட்டியின் சீழுக்குள்ளேயே கோடிக்கணக்கான பக்டீரியா இருக்கும். அதில் ஒன்றிரண்டுக்கு மரபணு மாறி, மருந்தைத் தாங்கும் வலு தற்செயலாக வந்துவிடும். மருந்து மற்றதையெல்லாம் கொன்றதும் அந்த ஒன்றிரண்டுக்கு இடமும் சாப்பாடும் தாராளம். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பக்டீரியா, வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். அதைவிடப் பொல்லாத விஷயம், அந்த வலுவைப் பக்கத்தில் இருக்கிற வேறு இனக் கிருமிக்கும் அவை கொடுத்துவிடும். ஆகவே வாழ்நாளில் அன்டிபயோட்டிக்கே தொடாதவருக்கும் மருந்துக்கு மசியாத கிருமி தொற்றலாம்.

இது புதுச் செய்தியும் இல்லை. 1928இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, அளவு குறைத்துப் பாவித்தால் கிருமி பழகிவிடும் என்று சொல்லி வைத்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும் இப்படிப்பட்ட கிருமிகளால் உலகில் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

"ரிப்போட்டில வரிசையா 'ஆர்' எழுத்துத்தான் கிடக்கு. இனி மருந்தே இல்லையா?"

'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். 'ஆர்' என்றால் அடங்காது. 'ஐ' இரண்டுக்கும் நடு; அளவையோ கொடுக்கும் முறையையோ மாற்றினால் பலன் கிடைக்கலாம். நாங்கள் தாளில் போடுவது வழக்கமாகப் பாவிக்கும் மருந்துகளை. அதில் எல்லாம் 'ஆர்' வந்தாலும், கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் மருந்துகள் வேறு உண்டு. அவற்றைப் பெரும்பாலும் வார்ட்டில் வைத்து ஊசியாகத்தான் ஏற்றுவார்கள். தாளைப் பார்த்ததும் மனம் விட்டுப்போய் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். நேரே டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

"வேப்பிலை கிருமியக் கொல்லும் எண்டு அம்மம்மா காலத்தில இருந்தே தெரியும். நீங்க இல்ல எண்டு சொல்றீங்களா?"

இல்லை என்று சொல்லமாட்டேன். நானே செய்து பார்த்திருக்கிறேன். படிக்கிற காலத்தில் அப்பப்பா வீட்டு முற்றத்து வேப்பிலையை நிழலில் உலர்த்தி, இடித்து, எத்தனோல் என்ற மதுசாரத்தில் ஊறவைத்து வடித்தேன். 6 மில்லிமீற்றர் வட்டக் கடதாசித் துண்டுகளை அதில் நனைத்து, கிருமி பூசிய அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் களி ஊற்றிய தட்டு) வைத்து, ஓர் இரவு 35 பாகைச் சூட்டில் விட்டேன். சாறு வேலைசெய்தால் துண்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரியும். காலையில் தட்டை எடுத்தால் கடதாசியைச் சுற்றி அழகான பச்சை வளையம்! துள்ளிக் குதித்தேன். எங்களுக்குப் படிப்பித்த சேர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது இலையின் பச்சை நிறம் பரவிய வளையம். அதற்குள் கிருமி செழிப்பாக வளர்ந்திருந்தது.

அது ஈ.கோலை தட்டு. தோலில் புண்ணுண்டாக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் தட்டில் மெல்லியதாக ஓர் உண்மையான வளையம் இருந்தது. ஆனால் வெறும் எத்தனோலில் நனைத்த துண்டைச் சுற்றியும் கொஞ்சம் வெளித்திருந்தது. அப்படியானால் வேப்பிலை கொன்றது எவ்வளவு, எத்தனோல் கொன்றது எவ்வளவு? அந்தக் கணக்கைக் கழிக்காமல் "மூலிகை கிருமியைக் கொன்றது" என்று படம் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டு தட்டும் ஏன் வித்தியாசப்பட்டன என்பதும் முக்கியம். ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு, ஒரு மேற்சட்டை மாதிரி, உண்டு. தாவரப் பொருட்களில் அநேகமானவை அதைத் தாண்டி உள்ளே போவதில்லை. ஸ்டெபிலோகொக்கஸுக்கு அந்தச் சட்டை கிடையாது. சலத்தில் நாங்கள் அதிகம் காண்பது சட்டை போட்டவற்றைத்தான்.

"தட்டில செத்தா உடம்பிலயும் சாகும்தானே?"

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாறு, மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருந்தால்தான் கிருமியை நிறுத்துகிறது என்று வையுங்கள். பச்சைச் சாறுகளில் இது சாதாரணமான அளவு. நம் உடம்பில் இரத்தம் ஏறக்குறைய 5 லீற்றர். அதே செறிவு இரத்தத்தில் வரவேண்டுமானால் 50 கிராம் காய்ந்த சாற்றுப் பொருள், ஒரு துளி சிதறாமல், ஒரே நேரத்தில் இரத்தத்தில் நிற்கவேண்டும். குடல் அவ்வளவையும் உறிஞ்சாது. உறிஞ்சியதையும் ஈரல் உடைத்துவிடும். அதையும் மீறிப் போனால் கிருமிக்கு முன்னால் ஆளுக்கு ஆபத்து. சிப்ரோபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக், தனக்கு அடங்கும் ஈ.கோலையை மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராமிலும் குறைவான அளவில் நிறுத்திவிடும். இரண்டுக்கும் 10,000 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

வெளுக்கப் போடும் குளோரினும் தட்டில் எல்லாக் கிருமியையும் கொல்லும். அதை யாரும் குடிப்பதில்லை. கிருமியைக் கொல்லும் பொருள் கிடைப்பது லேசு. ஆளை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்லும் பொருள் கிடைப்பதுதான் அருமை.

"கசாயம், சாறு, எக்ஸ்ட்ராக்ட் எல்லாம் ஒண்டுதானே தங்கச்சி?"

ஒன்றில்லை. தண்ணீரில் கரைவது வேறு, சாராயத்தில் கரைவது வேறு, எண்ணெயில் இறங்குவது வேறு. ஒரே இலையை மூன்றிலும் போட்டால் மூன்று மருந்து. ஆய்வுகளில் அதிகம் பாவிப்பது எத்தனோல், மெத்தனோல் போன்றவை. அந்த முடிவை வாசித்துவிட்டு நாம் வீட்டில் தண்ணீரில் அவித்துக் குடிக்கிறோம். ஆய்வில் வேலைசெய்த பொருள் நம் கோப்பைக்குள் வந்திருக்கவே மாட்டாது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சீனாவில் இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ என்ற அம்மையார், சிங்ஹாவோ என்ற மூலிகையைக் காய்ச்சி எடுத்தபோது பலன் நிலையாக வரவில்லை. 4ஆம் நூற்றாண்டு வைத்தியக் குறிப்பு ஒன்றில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறெடுக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் கெடுக்கிறது என்று பிடித்துக்கொண்டு, குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானில் வடித்தார். ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. மலேரியா பக்டீரியாவால் வருவதில்லை, ஒட்டுண்ணியால் வருவது. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: அவிப்பதா பிழிவதா என்ற ஒரு சொல்லில் மருந்தே மாறிப்போனது.

"அப்ப மூலிகையில இருந்து ஒரு அன்டிபயோட்டிக்கும் வரல்லையா?"

நோவுக்கான மோர்பின், மலேரியாவுக்கான குயினைன், இருதயத்துக்கான டிஜொக்சின் எல்லாம் செடி தந்தவை. ஆனால் இரத்தத்தில் கிருமி ஏறியவருக்கு ஊசியாகப் போடும் அன்டிபயோட்டிக் எதுவும் செடியில் இருந்து வரவில்லை. பென்சிலின் பூஞ்சணத்தில் இருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின், வன்கோமைசின் மூன்றும் மண்ணில் வாழும் பக்டீரியாக்கள் தந்தவை. மண்ணுக்குள் ஒரு கிருமி இன்னொன்றோடு ஓயாமல் சண்டை பிடிப்பதால் அவற்றிடம் கூரான ஆயுதம் இருக்கிறது. செடியின் முறை வேறு. அது பல மெல்லிய ஆயுதங்களைச் சேர்த்து அடிக்கும். அடுத்த பதிலைப் பாருங்கள்.

"மரமஞ்சள் அவிச்சுக் குடிச்சா எந்தக் கிருமியும் கிட்ட வராது எண்டு சொல்றாங்களே?"

நம் நாட்டில் மல்லியோடு சேர்த்து மரமஞ்சள் போடாத வீடு குறைவு. சிங்களத்தில் வெனிவெல்கெட்ட என்பார்கள். அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின். அதற்குக் கிருமியைத் தாக்கும் குணம் உண்மையாகவே உண்டு. 1980களில் பங்களாதேஷில் வயிற்றோட்ட நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஒருவகை ஈ.கோலையால் வந்த வயிற்றோட்டம் குறைந்தது. ஆனால் குடல் பெர்பெரினை இரத்தத்துக்குள் விடுவது மிகமிகக் கொஞ்சம். சலப்பையிலோ நுரையீரலிலோ இருக்கிற கிருமியிடம் அது போய்ச் சேராது.

இன்னொரு தடையும் உண்டு. மாரியில் வயலுக்குள் நிற்கும் வெள்ளத்தை வாட்டர் பம்ப் வைத்து வெளியே இறைப்போமே, ஸ்டெபிலோகொக்கஸும் அப்படித்தான். உள்ளே வந்த பெர்பெரினைத் தன் சவ்விலுள்ள ஒரு பம்ப்பால் இறைத்துத் தள்ளிவிடும். பெர்பெரின் உள்ள சில செடிகளை ஆராய்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டில் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். அதே செடிக்குள் இன்னொரு பொருள் இருக்கிறது. தனியே அது கிருமியை ஒன்றும் செய்யாது. அதன் வேலை அந்தப் பம்ப்பை அடைப்பது. ஒன்று அடிக்கிறது, மற்றது கதவை அடைக்கிறது. எனக்கு இதை வாசித்த அன்று அப்பப்பாவின் நினைவு வந்தது. அவர் ஒரு நாளும் ஒற்றைச் சரக்கில் மருந்து கட்டியதில்லை.

கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும் மரமஞ்சளைத் தொடவேண்டாம். பெர்பெரின் குழந்தையின் மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கி மூளையைப் பாதிக்கலாம்.

"அன்டிபயோட்டிக்கோட மூலிகையையும் சேர்த்துக் குடிச்சா ரெட்டிப்பா வேலை செய்யுமா?"

விஞ்ஞானிகள் மூலிகையிடம் அதிகம் எதிர்பார்ப்பது இதைத்தான்: தானே கொல்லும் மருந்தாக இல்லாவிட்டாலும், பழைய மருந்துக்குத் திரும்ப உயிர் கொடுக்கும் துணை. மிளகின் உறைப்புக்குக் காரணமான பிப்பரின், மேலே சொன்ன பம்ப்பை அடைத்து, சிப்ரோபுளொக்சசினுக்குத் தட்டில் கைகொடுக்கிறது. சர்ப்பகந்தியில் உள்ள ரெசர்பினும் அடைக்கும். ஆனால் அதற்கு வேண்டிய அளவைக் கொடுத்தால் நோயாளியின் நரம்பும் இரத்த அழுத்தமும் தாங்காது. பிப்பரின் ஒரு படி முன்னே போயிருக்கிறது. குடலில் மருந்து உறிஞ்சப்படுவதை அது கூட்டும். இந்தியாவில் காசநோய்க்கான ரிபாம்பிசினின் அளவைக் குறைத்து, பிப்பரின் சேர்த்து ஒரு மருந்தே சந்தைக்கு வந்தது.

அதற்காக நீங்கள் மாத்திரையோடு மிளகுக் கசாயத்தை அடித்துக் குடிக்கவேண்டாம். உறிஞ்சப்படுவது கூடினால் வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் குடிக்கும் மருந்து எல்லாமே அளவு மீறலாம். கறியில் போடும் மிளகுக்குப் பயமில்லை. கசாயம் குடிப்பதென்றால் டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். ஏசுவார் என்று மறைப்பவர்கள்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறார்கள்.

"உள்ளியும் மஞ்சளும்?"

உள்ளியில் அல்லிசின் உண்டு. 1944இலேயே பிரித்தெடுத்தார்கள். பச்சைப் பல்லை நசுக்கும்போதுதான் அது உண்டாகும், சீக்கிரம் சிதைந்தும் போகும். முழுப் பல்லாக அவித்தால் உண்டாகவே மாட்டாது. பச்சை உள்ளியைத் தோலில் வைத்துக் கட்டாதீர்கள், தோல் வெந்துபோகும். மஞ்சளின் குர்குமின் தட்டில் சூரன், உடம்புக்குள் கிட்டத்தட்ட ஏறாது.

"சலக்கடுப்புக்கு நெருஞ்சி அவிச்சுக் குடிக்கிறன். அதுவே போதும்தானே?"

தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லது. அது நெருஞ்சித் தண்ணீராக இருப்பதால் பெரும்பாலும் கெடுதியில்லை. ஆனால் தொற்றைத் தீர்க்க அது போதுமா என்றால், ஜெர்மனியில் 2021இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சாதாரண சலத் தொற்று வந்த 398 பெண்களில் ஒரு பகுதிக்கு அன்டிபயோட்டிக்கும், மற்றவர்களுக்கு ஊவா உர்சி என்ற ஐரோப்பிய மூலிகையும் கொடுத்தார்கள். மூலிகைக் குழுவில் பலர் அன்டிபயோட்டிக் இல்லாமலே தேறினார்கள். அது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் எரிவும் வலியும் அதிகம் பட்டார்கள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியது அந்தக் குழுவில் 8 பேருக்கு, மற்றதில் 2 பேருக்கு. கிரான்பெரிப் பழச்சாறு, அடிக்கடி சலத் தொற்று வருகிற பெண்களுக்கு அது திரும்ப வருவதைக் குறைக்கிறது. வந்த தொற்றை அது ஆற்றும் என்று யாரும் காட்டவில்லை.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க நோவு, சத்தி ஏதாவது வந்தால், அல்லது கர்ப்பிணி, சீனி வருத்தக்காரர், ஆண்பிள்ளை, சிறு பிள்ளை என்றால் ஒரு நாளும் வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டாம். முடிந்தால் மாத்திரை தொடங்க முன்னமே சலத்தை எங்களிடம் கொடுங்கள். இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டு வந்தால் கிருமி தட்டில் வளராமல் ஒளித்துவிடும்.

"வாப்பாக்கு சீனி. கால்ல புண் ஆறுதில்ல. காட்டுத்தேன் பூசலாமா, இலை அரைச்சிக் கட்டலாமா?"

தேனுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். அதன் இனிப்பு, கிருமியில் உள்ள நீரை உறிஞ்சிவிடும், அமிலத்தன்மையும் உண்டு, அதிலுள்ள நொதி மெல்ல மெல்லக் கிருமிநாசினியும் சுரக்கும். இலேசான தீப்புண்கள் தேனில் சீக்கிரம் ஆறுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஆஸ்பத்திரியில் பாவிப்பது காமாக் கதிரால் கிருமி நீக்கிய தேன். போத்தலில் வாங்கும் தேனில் மண் கிருமியின் வித்துகள் இருக்கலாம், சீனிப்பாகும் இருக்கலாம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வாயில் வைக்கவே கூடாது.

அரைத்த இலை சீனிக்காலுக்கு வேண்டவே வேண்டாம். அம்மியிலும் இலையிலும் உள்ள மண் நேரே புண்ணுக்குள் போகிறது. சீனிக்காலில் நோவும் தெரியாது. மேலே காய்ந்து, உள்ளே எலும்பு வரை சீழ் போன பிறகு கொண்டுவருகிறார்கள். ஒருமுறை எனக்கு வந்த மாதிரியில் சீழோடு பச்சை இலைத் துணுக்கும் இருந்தது. அந்தக் கால் பிறகு முழங்காலுக்குக் கீழ் போய்விட்டது.

"வயலுக்குப் போற ஆள். காய்ச்சல் விட்டு விட்டு வருது. நிலவேம்பு குடுத்துப் பார்க்கலாமா?"

இதற்கு மட்டும் நான் குரலை உயர்த்துவேன். நம் வயல் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பக்டீரியா மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். மழைக்காலத்தில் கூடும். சீனி வருத்தம் உள்ள விவசாயிகளைத் தேடிப் பிடிப்பது போலப் பிடிக்கும். நியூமோனியாவாக, கட்டியாக, விடாத காய்ச்சலாக, பல வேஷத்தில் வரும். அந்தக் கிருமி பிறவியிலேயே பென்சிலின், அம்பிசிலின், ஜென்டமைசின் ஆகியவற்றுக்கு மசியாது. செவ்டசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், அதன் பிறகு ஏறக்குறைய 3 மாதம் மாத்திரை. பிந்தினால் உயிர் போகும். எலிக்காய்ச்சலும் அதே வயலில்தான் இருக்கிறது. வயலுக்குப் போகிறவருக்கு காய்ச்சல் என்றால், அதையும் சீனி இருப்பதையும் டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

"தடிமன் இருமலுக்கு?"

அநேகமாக அது வைரஸ். அன்டிபயோட்டிக் அதைத் தொடாது. மல்லித்தண்ணி, இஞ்சி, ஆடாதோடை குடித்து ஓய்வெடுங்கள். பார்மசியில் இரண்டு அமொக்சிசிலின் கேட்டு வாங்காமல் நீங்கள் குடிக்கும் அந்த மல்லித்தண்ணி, அடங்காத கிருமிக்கு எதிராக இன்றைக்கே மூலிகை செய்யும் உதவி.

"இயற்கைதானே, பக்கவிளைவு வராதே?"

ஆடுதீண்டாப்பாளை இயற்கைதான். அதிலும் அதன் இனத்துச் செடிகளிலும் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கி, சலப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களில் பெல்ஜியத்தில் மெலிவதற்காக மூலிகை மாத்திரை குடித்த பெண்கள், செடி மாறிப்போனதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டார்கள். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குப் பருக்கி, வலிப்பு வந்து இறந்ததும் உண்டு. ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்த சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு இதெல்லாம் தெரியும். பெயர் ஒட்டாத போத்தலில் விற்கிறவருக்குத் தெரியாது.

"மூலிகைக்கும் கிருமி பழகுமா?"

பழகும். மரமஞ்சளுக்கான பதிலில் சொன்ன பம்ப்பை நினைத்துப் பாருங்கள். அரைகுறை அளவில் நெடுநாள் கொடுத்தால் கிருமி அந்தப் பம்ப்பைக் கூட்டிக்கொள்ளும். அதே பம்ப் சில அன்டிபயோட்டிக்குகளையும் சேர்த்து இறைக்கும்.

"கோழித் தீனில, இறால் குளத்தில அன்டிபயோட்டிக்குக்குப் பதிலா மூலிகை போடலாமா?"

போடுகிறார்கள், உள்ளி எண்ணெய் போன்றவற்றை. வளர்ச்சிக்காகத் தீனில் அன்டிபயோட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்தியதில் இருந்து இந்தத் தேடல் கூடியிருக்கிறது. மனிதரைவிட இங்கே மூலிகைக்குச் சீக்கிரம் இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வேண்டியது குடலுக்குள் கொஞ்சம் காவல் மட்டும்தான்.

"எங்கட பெரியப்பா பரிகாரியார். புண்ணுக்கு ஒரு எண்ணெய் காய்ச்சுவார், நல்லா ஆறும். ஏடும் இருக்கு. அத யாரிட்டக் குடுக்கலாம்?"

இந்தக் கேள்வி வரும் நாள் எனக்கு நல்ல நாள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். அங்கே கேளுங்கள். போக முன் மூன்று வேலை செய்யுங்கள். ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். செடியைப் பூவோடும் காயோடும் ஒடித்து, பழைய பத்திரிகைத் தாளுக்குள் தட்டையாக வைத்து, மேலே கனம் ஏற்றிக் காயவிடுங்கள். ஒரே பெயரை ஊருக்கு ஊர் வேறு செடிக்குச் சொல்வதால், பேராதனையில் உள்ள தேசிய தாவர உலர்மாதிரிக் கூடத்தில் ஒப்பிட்டுச் சரியான பெயரைப் பிடிக்க அது வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பெரியப்பா எண்ணெய் காய்ச்சும்போது பக்கத்தில் இருந்து, அவர் செய்வதை அப்படியே எழுதுங்கள். பச்சை இலையா, காய்ந்ததா? இடித்தாரா, பிழிந்தாரா? எந்த எண்ணெய், எவ்வளவு நேரம், எந்தப் பதத்தில் இறக்கினார்? என் அப்பப்பாவின் கொப்பியில் ஒரு புண் மருந்துக்கு நேரே "வழமைபோல்" என்று மட்டும் இருக்கிறது. அந்த வழமை என்னவென்று கேட்க இப்போது அவர் இல்லை.